செருப்பைக் கழற்றும் சத்தம்

வணக்கம் அண்ணா,

மூன்று வருடங்களாக ராப் எழுதிப் பாடி வருகிறேன். என் நண்பன் ஒருவனும் பாடுகிறான். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தோம். அவன் ரொம்ப வேகம். ஒரே மூச்சில் நாலு வரி போவான், ஒரு சொல்கூடத் தடுக்காது. ரைம் மேல் ரைம் அடுக்குவான். ஆனால் அந்த வரிகளைத் தனியாக எடுத்துப் படித்தால் ஒன்றுமே இருக்காது. 'நான்தான் பெரிய ஆள், எனக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது' என்பதையே நூறு விதமாகச் சொல்லியிருப்பான்.

நான் அப்படி எழுதுவதில்லை. வாழ்க்கையை எழுதுகிறேன். போன மாதம் இருவரும் ஒரே மேடையில் பாடினோம். நான் என் அப்பாவைப் பற்றிப் பாடினேன். அவர் இரவுக் காவலாளி. இருபது வருடமாக இரவில் விழித்திருந்து எங்களைப் படிக்க வைத்தவர். விடிந்து வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடச் சத்தம் வராமல் கழற்றுவார், நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம் என்று. அவரைப் பற்றி எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் கூட்டம் சும்மா கைதட்டியது, அவ்வளவுதான். அடுத்து அவன் ஏறினான். இடமே அதிர்ந்தது.

நான் பாடியதில் நாலு வரி:

அப்பா இரவில் காவல் காக்கிறார்
எங்கள் நலனை மனதில் பார்க்கிறார்
கஷ்டம் எல்லாம் தனியாய் ஏற்கிறார்
கண்ணீர் மறைத்துச் சிரித்துத் தோற்கிறார்

அவனுடையது வெறும் வித்தை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஜெயித்தது அதுதானே? ராப்பில் டெக்னிக் மட்டும் இருந்தால் போதுமா? வரியின் ஆழத்தைவிடத் திறமைக்குத்தான் எடை அதிகமா? அப்படியென்றால் நான் எதற்காக உட்கார்ந்து எழுத வேண்டும்?

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதில் சொல்வதற்கு முன்னால் உங்கள் நண்பருக்காகக் கொஞ்சம் பேச வேண்டும். 'வெறும் வித்தை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'வெறும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் ஒரு பீட்டை, அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் தாள இசையை, எடுத்துக்கொள்வோம். ராப்பில் மிகச் சாதாரணமான வேகம் இது. நாலு தட்டு சேர்ந்தால் ஒரு பார். அதாவது ஒரு பார் முடிய மூன்று வினாடிகூட ஆகாது, 2.7 வினாடிதான். அந்த இடத்துக்குள் தட்டுக்கு நாலு அசை வீதம் பதினாறு அசை போட்டால், வினாடிக்கு ஆறு அசை. (இலக்கண அசையைச் சொல்லவில்லை, வாய் ஒரு தடவையில் உச்சரிக்கும் ஒலித்துண்டைச் சொல்கிறேன்.) இதைப் பதினாறு பாருக்கு, அதாவது முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு சொல்லும் குழறாமல் சொல்ல வேண்டும். மூச்சு எங்கே எடுப்பது என்பதையும் எழுதும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். மூச்சுக்கு இடம் விடாமல் எழுதினால் மூன்றாவது பாரிலேயே குரல் மெலிந்து, சொல்லின் கடைசி எழுத்துகள் காணாமல் போகும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை செய்து பாருங்கள். உங்கள் நண்பர் எத்தனை நாள் இதற்காக உட்கார்ந்திருப்பார் என்று புரியும்.

இது சாதாரண வேகம்தான். 1992ல் ட்விஸ்டா என்ற ராப்பர் 55 வினாடியில் 598 அசைகளைச் சொல்லிக் கின்னஸில் இடம் பிடித்தார். வினாடிக்குக் கிட்டத்தட்ட 11. எமினெமின் 'ராப் காட்' பாட்டு 2013ல் வந்தது. ஆறு நிமிடம் நாலு வினாடியில் 1,560 சொற்கள், அதுவும் கின்னஸில் இருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் வினாடிக்கு நாலு சொல்லுக்கு மேல். முழு ஆறு நிமிடமும்.

தமிழில் இது இன்னும் கடினம் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசைகளை மென்று விழுங்கிவிடலாம், கேட்பவருக்குக் குறையாகத் தெரியாது. நம் மொழியில் நெடிலை விழுங்கினால் சொல்லே மாறிவிடும். 'காடு' என்பதைச் சுருக்கினால் 'கடு' ஆகிவிடும். அதனால் தமிழில் வேகமாகப் பாடுகிறவர் குறில்கள் தொடர்ந்து வரும் சொற்களாகத் தேடிப்பிடித்து அடுக்க வேண்டியிருக்கும், நெடிலைத் தட்டின் மேல் சரியாக உட்கார வைக்க வேண்டியிருக்கும். குறில் நெடில் கணக்கு மாறாமல் சந்தத்தில் ஓடும் வண்ணப் பாட்டு எழுதிய நம் பழைய புலவர்கள் செய்த வேலைதான் இது. உங்கள் நண்பருக்கு அந்தப் பெயர்கள் தெரியாமல் இருக்கலாம், வாய்க்குத் தெரிந்திருக்கிறது.

கூட்டம் அதிர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராப் பிறந்ததே கூட்டத்தை ஆட வைக்கத்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டிய விருந்திலிருந்துதான் ராப்பை உள்ளடக்கிய ஹிப்ஹாப்பின் கதையைத் தொடங்குவார்கள். பாட்டில் தாளம் மட்டும் தனியாக ஒலிக்கும் துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுவார் டிஜே. மைக் பிடித்தவரின் வேலை அந்தத் தாளத்தின் மேல் ஏறிக் கூட்டத்தை உசுப்பேற்றுவது. ஆக, தாளம்தான் முதலில் வந்தது. சொல் அதற்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. உங்கள் நண்பர் அந்த மேடையில் செய்தது இந்தக் கலையின் முதல் வேலை.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

திறமை ஆழத்தை மிஞ்சுமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் திறமை என்று சொல்லும்போது வேகத்தை நினைக்கிறீர்கள். ஆழம் என்று சொல்லும்போது பாடுபொருளை நினைக்கிறீர்கள். கடிதம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

முதலில் திறமை. ராக்கிம் என்ற ராப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். டிஜே எரிக் பி.யுடன் சேர்ந்து அவர் 1987ல் 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதில் வேகமே இல்லை. குரலை உயர்த்துவதுகூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். அதற்கு முன்னால் பெரும்பாலான ராப் பாடல்களில் வரி முடியும் இடத்தில் ரைம் வந்து விழும், வாக்கியமும் அங்கேயே முடியும். அடுத்த வரி, அடுத்த ரைம். படிக்கட்டு ஏறுகிற மாதிரி. ராக்கிம் ரைமை வரியின் நடுவில் போட்டார். வாக்கியத்தை ஒரு பாரில் ஆரம்பித்து அடுத்த பாரின் பாதியில் முடித்தார். கேட்பவர் ரைமை எதிர்பார்த்துக் காத்திருக்கும் இடத்தில் ரைம் வராது. எதிர்பாராத இடத்தில் இரண்டு வரும். சின்ன வயதில் சாக்ஸபோன் வாசித்தவர் அவர். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் வாசிப்பிலிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு ஊதலை எங்கே ஆரம்பித்து எங்கே மூச்சு விடுவது என்ற சாக்ஸபோன்காரரின் கணக்கை வாய்ப்பேச்சுக்குக் கொண்டுவந்தார். 87க்குப் பிறகு எழுதிய யாரும் அவரைத் தாண்டாமல் போக முடியவில்லை.

ஆகவே திறமை என்றால் சொல்லை எந்த இடத்தில் வைப்பது என்ற அறிவு. தட்டின் மேலா, தட்டுக்குக் கொஞ்சம் பின்னாலா, தட்டே இல்லாத இடத்திலா? வேகம் அதில் ஒரு பகுதி. பெரிய பகுதிகூட இல்லை.

இதை நம் மொழியிலேயே காட்ட முடியும். கம்பராமாயணத்தில் கும்பகர்ணனை எழுப்பும் இடம். பள்ளியில் படித்திருப்பீர்கள். இப்போது ராப் எழுதுகிறவராக, கையால் தொடையில் தட்டிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்:

உறங்குகின்ற கும்பகன்ன உங்கள்மாய வாழ்வெலாம்
இறங்குகின்ற தின்றுகாண் எழுந்திராய் எழுந்திராய்
கறங்குபோல விற்பிடித்த காலதூதர் கையிலே
உறங்குவாய் உறங்குவாய் இனிக்கிடந் துறங்குவாய்

முதலில் தாளத்தைக் கவனியுங்கள். லேசு, கனம், லேசு, கனம் என்று இடிக்கிறது. தூங்குகிறவனைப் போட்டு உலுக்கும் அடி அது. இரண்டாவது வரியின் முடிவில் 'எழுந்திராய் எழுந்திராய்' என்று வருகிறது. கடைசி வரியில் அதே அடி, 'உறங்குவாய் உறங்குவாய்' என்று. இரண்டு சொல்லும் ஒரே அளவு. எ-ழுந்-தி-ராய், உ-றங்-கு-வாய். இலக்கணப்படியும் இரண்டும் கருவிளம் என்ற ஒரே வாய்பாடுதான். தாளம் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. ஆனால் 'எழுந்திரு' என்று கத்திக்கொண்டிருந்த அதே அடி இப்போது 'எமதூதர் கையில் போய்த் தூங்கு' என்கிறது. எழுப்புகிற தாளத்திலேயே சாவைச் சொல்லிவிட்டார். நாலாவது வரியை வேறு சந்தத்தில் எழுதியிருந்தால் அர்த்தம் அப்படியே இருந்திருக்கும், முதுகுத்தண்டு சில்லிட்டிருக்காது.

இந்த நாலு வரியில் எது திறமை, எது ஆழம் என்று யாராவது பிரித்துக் காட்டட்டும். எனக்கு முடியவில்லை.

அடுத்து, ஆழம். இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் போரைப் பற்றி, பசியைப் பற்றி, குழந்தைகளின் மரணத்தைப் பற்றிப் பாடினார். வரிகள் பீட்டில் உட்காரவே இல்லை. சொற்கள் எல்லாம் தலைப்புச் செய்தியில் பார்த்தவை. இன்னொரு பெண் தன் அறையில் ஓடாமல் நின்றுபோன சுவர்க்கடிகாரத்தைப் பற்றிப் பாடினார். அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு பாரின் நாலாவது தட்டையும் காலியாக விட்டுவிட்டு, கடிகார முள் நகர முயன்று நிற்கிற மாதிரியே பாடினார். நான் முதல் பரிசை முதலாமவருக்குக் கொடுத்தேன். பெரிய விஷயத்தைப் பாடியிருக்கிறார், சமூக அக்கறை இருக்கிறது, அதற்கு மரியாதை செய்ய வேண்டும் என்று நினைத்தேன். இன்று அந்தப் போர்ப் பாட்டிலிருந்து ஒரு வரிகூட எனக்கு நினைவில் இல்லை. அந்தக் கடிகாரம் இன்னும் என் தலைக்குள் நிற்கிறது. தப்பான தீர்ப்பு கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்குச் செய்த அநியாயமாகவே அதை நினைக்கிறேன்.

பசி, போர், அப்பா, சாதி, காதல் எல்லாம் தலைப்புகள். தலைப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வரிக்கு அது ஆழம் தராது. கண்ணால் பார்த்த ஒரு பொருள், காதால் கேட்ட ஒரு சத்தம், அதற்கென்றே அமைந்த ஒரு சொல், அந்தச் சொல் விழ வேண்டிய இடத்தில் விழுவது, ஆழம் என்று நான் சொல்வது இதை.

1982ல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் த ஃப்யூரியஸ் ஃபைவ் பெயரில் வந்த 'த மெசேஜ்' பாட்டைக் கேளுங்கள். கூல் ஹெர்க்கின் விருந்து நடந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ராப் என்றாலே கொண்டாட்டம் என்றிருந்த காலம். இப்படி ஒரு பாட்டைச் செய்ய அந்தக் குழுவினரே முதலில் தயங்கினார்கள். அந்தப் பாட்டு 'நாங்கள் ஏழைகள், எங்கள் வாழ்க்கை கஷ்டம்' என்று ஆரம்பிக்கவில்லை. அதன் முதல் சரணம் எங்கே பார்த்தாலும் உடைந்த கண்ணாடி என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் நாற்றம், இரைச்சல், முன்னறையில் எலி, பின்னறையில் கரப்பான்பூச்சி. அதைப் பாடும் மெல்லி மெல்லின் குரல் அவசரப்படவே இல்லை. ஆட வைக்கிற வேகத்தைவிடத் தாளம் நிதானமாகப் போகிறது. அந்த நிதானம் தற்செயல் இல்லை. அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவன் நடக்கிற வேகம் அது.

டூபாக்கின் 'டியர் மாமா' 1995ல் வந்தது. ரைம் கணக்கில் பார்த்தால் ராக்கிமின் நுணுக்கத்தில் பாதிகூட அதில் கிடையாது. ஆனால் போதைக்கு அடிமையான தாயை, அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ராணி என்கிறார். அந்த இரண்டு சொற்களையும் அவ்வளவு பக்கத்தில் வைக்கத் துணிவு வேண்டும். வைத்தபின் குரல் தடுமாறாமல் இருக்கப் பயிற்சி வேண்டும்.

இப்படியெல்லாம் சொல்லி உங்கள் கேள்வியிலிருந்து நழுவப் பார்க்கிறேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனால் அது பதிலாகாது. திறமை மட்டுமே இருந்து, சொல்ல ஒன்றும் இல்லாத ராப் நிறைய இருக்கிறது. அது ஆழத்தை மிஞ்சும் இடங்களும் உண்டு. இரண்டு ராப்பர்கள் நேருக்கு நேர் மோதும் பேட்டிலில் மிஞ்சும். எதிரில் நிற்பவர் ஒரு சொல்லை வீசினால் அடுத்த பாருக்குள் அதைப் பிடித்துத் திருப்பி அடிக்க வேண்டும். அங்கே வாழ்க்கைத் தத்துவத்துக்கு நேரம் இல்லை. நாலு பேர் வட்டமாக நின்று மாற்றி மாற்றிப் பாடும் சைஃபரிலும் அப்படித்தான். நீங்கள் பாடிய மேடையும் ஒருவேளை அந்த மாதிரி இடமாக இருந்திருக்கலாம்.

சொல்லை வைத்து விளையாடும் மகிழ்ச்சிக்கு மட்டுமே எழுதுகிறவர்களும் உண்டு. காளமேகப் புலவர் தகர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு வெண்பா முழுவதையும் எழுதினார். அர்த்தம் என்ன? வண்டே, நீ பூக்களுக்குத் தாவித் தாவித் தேன் குடித்தாயே, எந்தப் பூவின் தேன் இனித்தது? இவ்வளவுதான். ஐநூறு வருடங்களுக்கு மேலாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம், குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதில் ஆழம் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. மொழியால் இவ்வளவு முடியும் என்று காட்டுவதே ஒரு கொடைதான். எம்எஃப் டூம் என்ற ராப்பரின் வரிகளைக் கேட்கும்போது எனக்கு அதே சந்தோஷம் வருகிறது. அசை அசையாக, ஒரு வரிக்குள் நாலு, ஐந்து ரைம் பின்னிக்கொண்டு போகும். அர்த்தம் பிறகு மெதுவாக வந்து சேரும், சில வரிகளில் வராமலே போகும். எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை.

ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள். 2014ல் மேட் டேனியல்ஸ் என்பவர் ராப்பர்களின் முதல் 35,000 சொற்களை எடுத்து, அதில் வெவ்வேறு சொற்கள் எத்தனை என்று எண்ணினார். முதலிடம் ஏசாப் ராக், 7,392 சொற்கள். பட்டியலின் அடியில் டிஎம்எக்ஸ், 3,214. பாதிகூட இல்லை. அந்த டிஎம்எக்ஸின் முதல் ஐந்து ஆல்பங்களும் வந்தவுடனே அமெரிக்க ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. விற்பனையை விடுங்கள். ஆல்பத்தின் நடுவில் பீட் எதுவும் இல்லாமல் கடவுளிடம் பேசுவார் அவர். தெருவில் யாரும் புழங்குகிற சொற்கள்தான். அந்தக் கரகரத்த குரல் ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்துகிறது, எங்கே உடைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கும். அந்தக் குரலையும் நான் திறமைக் கணக்கில்தான் எழுதுவேன். சொல் எண்ணிக்கையில் அது அகப்படாது.

ஒரே ஆளிடம் இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் மறுபடி எமினெமிடம் வாருங்கள். 'ராப் காட்' பாட்டைப் பற்றிச் சொன்னேன். அதே மனிதர் 2000ல் 'ஸ்டான்' எழுதினார். ஒரு ரசிகன் எழுதும் கடிதங்களாகவே அந்தப் பாட்டு போகும். முதல் கடிதம் அன்பாக, நிதானமாக. பின்னால் பென்சில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவதில் பதில் வராத ஆதங்கம், சொற்கள் நெருங்கத் தொடங்கும். மூன்றாவதில் மழையில் கார் ஓட்டிக்கொண்டே டேப்பில் பேசுகிறான், குரல் கத்தலாகிறது, வாக்கியங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. நாலாவது, பாடகரின் பதில். மென்மையான, அக்கறையான பதில், காலம் கடந்து எழுதப்பட்டது. செய்தியில் பார்த்த ஒரு விபத்தைச் சொல்லிக்கொண்டே வரும்போது, அது இந்த ரசிகன்தான் என்று அவருக்கே புரிகிறது. வாக்கியம் அங்கேயே தடுக்கி நிற்கிறது. வினாடிக்கு நாலு சொல் சொல்லத் தெரிந்த வாய், அந்த இடத்தில் நிற்கத் தெரிந்து நிற்கிறது. எனக்கு எத்தனை தடவை கேட்டாலும் 'ராப் காட்' வியப்பைத் தருகிறது. 'ஸ்டான்' முடிந்ததும் உடனே வேறு பாட்டு போட முடிவதில்லை.

கெண்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' 2015ல் வந்தது. அதில் 'யூ' என்று ஒரு பாட்டு. இரண்டாம் பாதியில் அழுதுகொண்டே பாடுகிறார். கண்ணாடிப் புட்டிகள் இடிபடும் சத்தம் கேட்கிறது. குரல் குழறுகிறது, மூச்சு தவறுகிறது, சொற்கள் வழுக்குகின்றன. ஆனால் தாளத்தை எண்ணிக்கொண்டே கேளுங்கள். ஒரு அசைகூடத் தவறான இடத்தில் விழவில்லை. உடைந்து போன மனிதனைப் பாட, உடையாத கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது. இரண்டு வருடம் கழித்து வந்த அவருடைய 'டேம்' ஆல்பத்துக்கு 2018ல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. 1943 முதல் கொடுக்கப்படும் அந்தப் பரிசு, செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே போனது அதுதான் முதல் தடவை.

இப்போது உங்கள் நாலு வரிக்கு வருகிறேன். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்.

காக்கிறார், பார்க்கிறார், ஏற்கிறார், தோற்கிறார். இந்த ரைம் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், அதன் வாலில் ஆள் விகுதி ஒட்டியிருக்கும். அதனால் ஒரே ஆளைப் பற்றிப் பேசினாலே எல்லா வரியும் 'கிறார்' என்று முடிந்துவிடும். ஆங்கிலத்தில் வரிக்கடைசி ரைமுக்கு உழைக்க வேண்டும். நமக்கு அது மொழியே போட்டுக்கொடுக்கும் பிச்சை. இதனால்தானோ என்னவோ, நம் புலவர்கள் வரிக்கடைசியில் வரும் இயைபைவிட வரித்தொடக்கத்தில் வரும் எதுகையையும் மோனையையும் பெரிதாக மதித்தார்கள். எதுகையில் ஏமாற்ற முடியாது. இரண்டாம் எழுத்து ஒன்றாக வர வேண்டும், முதல் எழுத்து குறிலென்றால் குறில், நெடிலென்றால் நெடில். உங்கள் நண்பரின் வரிகளில் ரைம் எங்கெங்கே விழுகிறது என்று அடுத்த தடவை கவனியுங்கள். கடைசியில் மட்டும் விழாது என்று நினைக்கிறேன்.

இலவச ரைமில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நாலாவது வரியைப் பாருங்கள். 'கண்ணீர் மறைத்துச் சிரித்துத் தோற்கிறார்.' உங்கள் அப்பா எதில் தோற்றார்? இருபது வருடம் இரவில் விழித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த மனிதர். உங்கள் கடிதத்தில் எங்கேயும் அவர் தோற்றதாக இல்லை. 'ஏற்கிறார்' என்று எழுதிவிட்டீர்கள், அதற்கு ஜோடி வேண்டியிருந்தது, 'தோற்கிறார்' வந்து உட்கார்ந்துகொண்டது. நீங்கள் சொல்ல நினைக்காத ஒன்றை ரைம் உங்கள் வாயால் சொல்ல வைத்துவிட்டது. கை பழகாவிட்டால் இப்படித்தான் நடக்கும். நாம் உண்மை என்று நினைத்து எழுத ஆரம்பிப்போம், எளிதாகக் கிடைத்த சொல் வந்து அதைப் பொய்யாக்கிவிட்டுப் போகும். திறமை எதற்கு என்று நீங்கள் கேட்டால் என் முதல் பதில் இதுதான். உங்கள் அப்பாவைப் பற்றிப் பொய் சொல்லாமல் இருப்பதற்கு.

மற்ற வரிகளும் யாருடைய அப்பாவுக்கும் பொருந்தும். கூட்டம் சும்மா கைதட்டியது அதனால்தான். அவர்களுக்கு இதயம் இல்லாததால் இல்லை. உங்கள் அப்பா அந்த வரிகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை, அவர்களால் அவரைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் கடிதத்தில் வந்துவிட்டார். போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். 'செருப்பைக்கூடச் சத்தம் வராமல் கழற்றுவார்.' அதைப் படித்ததும் நான் நிறுத்திவிட்டேன். மூன்று தடவை படித்தேன் என்று சொன்னேனே, இந்த வாக்கியத்துக்காகத்தான். ஆழம் அங்கே இருக்கிறது. பாட்டில் அது இல்லை.

ஒரு வழி காட்டுவதற்காக மட்டும் இதை எழுதிப் பார்த்தேன்:

விடிகிற நேரம், வாசல் படி
நொடிக்கொரு நிறுத்தம், செருப்பில் பிடி
கடிக்கிற வாரைக் கழற்றும் விரல்
சத்தம்

விடி, நொடி, கடி. மூன்று வரியிலும் தொடக்கத்தில் எதுகை. முதல் இரண்டு வரியின் கடைசியில் படி, பிடி. காது இப்போது அந்த 'டி'க்குப் பழகிவிட்டது. மூன்றாவது வரி 'விரல்' என்று முடியும்போதே கொஞ்சம் தடுமாறும், அடுத்த வரியிலாவது வரும் என்று காத்திருக்கும். நாலாவது வரியில் 'சத்தம்' என்று முதல் தட்டில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மீதி மூன்று தட்டும் காலி. பீட்டையும் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். 'சத்தம் வரவில்லை' என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். கூட்டத்துக்கே அது கேட்காது. அந்த இரண்டு வினாடி அவர்கள் எல்லோரும் தூங்குகிற பிள்ளைகளாக இருப்பார்கள்.

இது திறமையா, ஆழமா? நீங்களே சொல்லுங்கள்.

இந்த வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வாசலில் நான் நின்றதில்லை. நீங்கள் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி கிடந்து அதைக் கேட்டிருக்கிறீர்கள். அல்லது கேட்காமல் இருந்திருக்கிறீர்கள். உங்களால்தான் அதை எழுத முடியும்.

ஒரு வேலை சொல்கிறேன். இன்றைக்கே உங்கள் நண்பரைக் கூப்பிடுங்கள். அவரிடம் மூச்சு விடும் இடங்களை எப்படிக் குறித்துவைக்கிறார் என்று கேளுங்கள். நாலு வரியை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவருக்கு, அந்த மூன்று தட்டுக் காலி இடத்தை அசையாமல் பிடித்து நிற்பது எப்படி என்றும் தெரிந்திருக்கும். மேடையில் அமைதியைத் தாங்குவது வேகத்தைவிடக் கஷ்டம், பழகாதவர்கள் பயந்து போய் ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவார்கள். பதிலுக்கு நீங்கள் அவரோடு உட்கார்ந்து, அவர் வீட்டில் விடியற்காலையில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று கேளுங்கள். மூன்று வருடமாகக் கூடவே பாடுகிறீர்கள். இதை இன்னும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒன்று. உங்கள் அப்பா செருப்பைக் கழற்றி எங்கே வைப்பார்? கதவுக்கு வெளியிலா, உள்ளேயா? கையில் எடுத்துக்கொண்டு போவாரா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா